லென்ஸ் ஊறும் நேரம்

ஜூன் 9

இன்று முதல் எழுதலாம் என்று தோன்றியது. எழுதியதை இனி நானே படித்துப் பார்க்கலாம் அல்லவா.

காலையில் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் போட்டு அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பிலிருந்தே என் கருவிழி கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. கண்ணாடி போட்டாலும் ஒரு முகம் மூன்றாகத்தான் தெரியும். இந்தக் கெட்டி லென்ஸ் கருவிழிமேல் உட்கார்ந்து பார்வையைச் சீராக்கிவிடும் என்றார்கள். ஆக்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, "என்னட்டி முணுமுணுக்கே? ஜெபமா?" என்றாள். ஜெபம் மாதிரிதான்.

சாயங்காலம் அவர் பேக்கரியிலிருந்து வந்தார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கைதான் பேச்சு. கல்யாணமான இந்த இரண்டு வருடமும் அவர் என்ன சொன்னாலும் நான் கிட்டப் போய் நின்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மதினி பார்த்துச் சொல்ல வேண்டும். இன்று கேட்டைத் திறக்கும்போதே கையை அசைத்தார். அடுப்படி வாசலில் நின்றபடியே படித்துவிட்டேன். தேங்காய் பன் கொண்டு வந்திருக்கிறேன் என்றார். எனக்கு மட்டுமா, மதினிக்கும் உண்டா என்று கையாலேயே கேட்டேன். சைக்கிளைச் சுவரில் சாய்க்க மறந்து கீழே விட்டுவிட்டார்.

ஸ்தோத்திரம் ஆண்டவரே.

ஜூன் 11

லென்ஸைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, விரலால் மெதுவாகத் தேய்த்து, சொல்யூஷன் விட்டு அலசி, டப்பாவில் புதுச் சொல்யூஷனில் ஊறவைக்க வேண்டும். பழையதோடு புதியதைக் கலக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் படவே கூடாது. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி இருக்கிறது.

ஜூன் 15

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் கீபோர்டு வாசிப்பது நான்தான். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்பதால் அந்த வேலையும் என் தலையில். காதை நம்பி வாசித்துப் பழகியவள், இன்று தலையை நிமிர்த்தி சபையைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவர். போதகர் ஐயர் பிரசங்கத்தில் நாலாவது தடவையாக "முடிவாக" என்று சொன்னதை யாரோ சைகையில் சொல்லியிருப்பார்கள் போல. அவர் என்னைப் பார்த்து, ஐயர் முடிப்பதற்குள் வீட்டில் இட்லி மாவு புளித்துப் பொங்கியே போகும் என்று கையால் சொன்னார். சிரிப்பை அடக்கப் போய்க் கட்டையைத் தப்பாக அமுக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மதினி, "அவன் என்ன சொன்னான்? அம்புட்டுத் தூரத்துல இருந்து உனக்கு விளங்குச்சா?" என்று கேட்டாள். எல்லாம் விளங்கிற்று என்றேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவளுக்கு மனசு என்னவோ செய்கிறது போலும். அவருடைய எட்டு வயதில் அம்மா இறந்தார்கள். அதிலிருந்து தங்கபுஷ்பம் மதினிதான் அவருக்கு வாய். பேங்க், ரேஷன் கடை, பேக்கரி முதலாளி, என்னைப் பெண் பார்க்க வந்த நாள் என்று எங்கேயும் தம்பிக்காக இவள்தான் பேசினாள். நாற்பத்தைந்து வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது நடுவில் நான் வந்து நேராகப் பேசினால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

ஜூன் 24

மதினி என்னைப் பரீட்சை வைக்கிறாள். அவரைத் தெருமுனையில் நிற்கச் சொல்லி ஏதாவது பேசச் சொல்வாள். "என்ன சொல்லுதான், சொல்லு" என்பாள். சரியாகச் சொன்னால் அவரை இன்னும் தள்ளி நிற்கச் சொல்வாள். எங்காவது தப்பு வராதா என்று பார்க்கிறாள் போல. நானும் விடவில்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இன்று கடைக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்து வந்தாள். எதற்கு என்று கேட்டேன். "எடுக்கணும்னு தோணுச்சு, எடுத்தேன்." இவள் தனக்கென்று சேலை எடுத்து நான் பார்த்ததில்லை. போன் வந்தால் இப்போதெல்லாம் கொல்லைப்புறம் போய்ப் பேசுகிறாள்.

ஜூலை 3

ஆஸ்பத்திரியில் தந்த சொல்யூஷன் தீர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் அது இல்லை. வேறு ஒன்றைக் கொடுத்தார்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா, பேருதான் வேற." வாங்கி வந்தேன். மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். துணி காயவில்லை, மழை வரும்போல் இருந்து ஏமாற்றியது.

ஜூலை 8

காலையில் லென்ஸ் போட்டதும் கண்ணில் வெங்காயம் பட்டது மாதிரி ஓர் எரிச்சல். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அந்தத் தூசியாக இருக்கும்.

ஜூலை 12

சிவப்பு. மதினி பார்த்துவிட்டாள். தூக்கம் போதவில்லை என்று சொன்னேன்.

ஜூலை 16

பாட்டு வகுப்பில் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டுகிறது. கண்ணாடி முன்னால் நின்றால் வெள்ளை விழியே இல்லை. மதினி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அலர்ஜி என்றார் டாக்டர். சொட்டு மருந்து. ஒரு வாரம் லென்ஸ் போடக் கூடாது.

சாயங்காலம் அவர் கேட்டில் நின்று ஏதோ சொன்னார். மங்கலாக இரண்டு கை ஆடியது, அவ்வளவுதான். நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். "கண்ணு எப்படி இருக்குன்னு கேக்கான்" என்றாள். பழையபடி ஆகிவிட்டது வீடு.

அப்புறம் அவள் கொல்லையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கொடியில் துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்தது. "இல்ல, இப்ப முடியாது. எப்ப முடியும்னு எனக்கே தெரியல. நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க." என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். மாடி ரூமுக்கு யாராவது வாடகை கேட்டிருப்பார்கள். முகம்தான் சரியில்லை. வெயில்.

ஜூலை 23

கண் வெளுத்துவிட்டது. நாளைக்கு மறுபடி போடலாம். லென்ஸை நன்றாகக் கழுவி அதே சொல்யூஷனில் ஊறவைத்திருக்கிறேன்.

ஜூலை 24

போட்ட அன்றே எரிகிறது. மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பெரிய டாக்டர். சிலருக்கு லென்ஸ் ஒத்துக்கொள்வதே இல்லை என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பிற்காலத்தில் கருவிழி மாற்றுகிற ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்றார். நல்ல மனிதர், தன்மையாகத்தான் சொன்னார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஆபரேஷன் பயம் இல்லை. வீட்டில் அவர் கையை மறுபடி கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமே என்பதுதான் கவலை. கிட்டப் போய்ப் பார்ப்பதும் ஒன்றும் மோசமில்லை. ஆனால் தூரத்திலிருந்து அவர் சொல்லும் அந்தச் சின்னச் சின்ன வேடிக்கைகள் எத்தனை என்று எனக்கு இந்த ஜூனில்தானே தெரிந்தது. இத்தனை நாள் அவர் அதையெல்லாம் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்?

"எந்திரிட்டி" என்றாள் மதினி. "ஒருத்தரு சொன்னா முடிஞ்சு போச்சா? லென்ஸ் பொருத்தின பொண்ணு ஒருத்தி இருந்தால்லா, அவளைப் பாத்துட்டுத்தான் போவோம்."

அந்தப் பெண் நஸ்ரின் இன்று லீவாம். நாளைக்கு வரச் சொன்னார்கள். லென்ஸ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கொண்டு வர வேண்டுமாம்.

ஜூலை 25

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

நஸ்ரின் சாயம் ஏற்றிய ஒரு காகிதப் பட்டையை நனைத்து என் கண்ணில் லேசாகத் தொட்டாள். ஆரஞ்சு நிறத்தில் கண்ணீர் வடிந்தது. விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மதினியைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க" என்று கருவி முன்னால் உட்கார வைத்தாள்.

"என்னம்மா இது? கருவிழி பூரா பச்சைப் பச்சையா பொடி தூவுன மாதிரி இருக்கு" என்றாள் மதினி.

"அதுதான். லென்ஸ் உரசினா ஏதாவது ஒரு எடத்துல கீறல் தெரியும். இப்படிச் சமமா எல்லா எடத்துலயும் புள்ளி இருந்தா அது சொல்யூஷனோட வேலை." என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நாங்க குடுத்தது இது இல்லையேக்கா."

"கடையில எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாங்க."

"பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும். கிருமி வராம இருக்கறதுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து கலந்திருப்பாங்க. இதுல இருக்க மருந்து நெறைய பேருக்கு ஒண்ணும் செய்யாது. உங்க கண்ணுக்கு ஆகல. லென்ஸைப் போட்டதும் அதுல ஒட்டியிருக்க மருந்து நாள் பூரா கண்ணுலயே கெடக்குது. கண்ணு ஆறுது, அதே தண்ணில ஊறின லென்ஸை மறுபடி போடுறீங்க, மறுபடி சிவக்குது."

"அப்ப லென்ஸ்?" என்றேன்.

"லென்ஸை ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அழகாப் பொருந்தியிருக்கு. டாக்டர்கிட்ட நான் பேசுறேன்."

அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

எனக்கு அவள் எழுதித் தந்தது ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷன். தனி டப்பா ஒன்று கூடவே வரும். அதில் ஊறும்போது குமிழி குமிழியாகப் பொங்கி, கிருமியைக் கொன்று, கடைசியில் தானே வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடுமாம். கண்ணுக்குப் போகும்போது மருந்து எதுவும் மிச்சம் இருக்காது.

"ஆனா ஆறு மணி நேரம் முழுசா ஊறணும்" என்றாள் நஸ்ரின். "அதுக்கு முந்தி எடுத்துப் போட்டா கண்ணு வெந்துரும். பாட்டில்ல இருந்து நேரா கண்ணுல விட்டுறாதீங்க. வேற டப்பாலயும் ஊறவைக்கக் கூடாது, அந்த டப்பாலதான் அதைத் தண்ணியா மாத்துற தகடு இருக்கு. அலசணும்னா மருந்து கலக்காத சலைன் தனியா வாங்கிக்கோங்க. கண்ணு நல்லா ஆறட்டும், அடுத்த வாரம் போடுங்க."

மதினி திருப்பிச் சொன்னாள்: "ஆறு மணி நேரம். அந்த டப்பாதான். நேரா விடக் கூடாது." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பழைய பாட்டிலை வெளியே வந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டவள் அவள்தான். போட்ட வேகத்தில் தொட்டி ஆடியது.

ஆகஸ்ட் 1

போட்டேன். எரியவில்லை. காலை முழுதும் எப்போது எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. ஸ்தோத்திரம்.

மதினி முகப் பவுடர், தலை எண்ணெய் எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துத் தன் ரூமில் வைத்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து டப்பாவும் பாட்டிலும் மட்டும். கை கழுவ வாசனை இல்லாத சோப்பு.

ஆகஸ்ட் 6

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் புழுதி அடித்துக் கண்ணுக்குள் போய்விட்டது. மத்தியானமே வீட்டுக்கு வந்து, லென்ஸைக் கழற்றித் தேய்த்து, ஊறப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பேக்கரி முதலாளி போன் செய்தார். அடுப்பிலிருந்து தட்டு சரிந்து என் வீட்டுக்காரருடைய வலது கை வெந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம்.

நான் நேராக அலமாரிக்குப் போனேன். டப்பாவுக்குள் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் திருகினேன். மதினி ஓடிவந்து என் கைமேல் கையை வைத்து அமுக்கினாள்.

"தொடாதட்டி! நேரம் ஆகல."

"லென்ஸ் இல்லாம அவரு சொல்லுதது எனக்குத் தெரியாது மதினி. சலைன்ல நல்லா அலசிட்டு..."

"அலசுனாலும் கூடாது. ஏற்கெனவே புண்ணான கண்ணு. அவனுக்குக் கை வெந்து கெடக்கு, நீ கண்ணையும் வேகவச்சுக்கிட்டு வந்து நிப்பியா? நான் பாத்துச் சொல்லுதேன். ஒண்ணு விடாமச் சொல்லுதேன். வா."

போனோம். அவர் முகம் எனக்கு மூன்றாகத் தெரிந்தது. வலது கை முழுதும் கட்டு. இடது கையால் மட்டும் பேசினார். பாதிக் கையில் பேசினால் பாதிச் சொல்தானே வரும். அதையும் மதினி கூட்டிச் சேர்த்துப் புரிந்துகொண்டு டாக்டருக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை சொன்னாள். எங்கே வலிக்கிறது, எந்த விரலை மடக்க முடிகிறது, எப்படித் தட்டு விழுந்தது எல்லாம். ஒன்றும் விடவில்லை. நடுவில் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் அதையும் சொன்னாள். "நீ அழாத, அழுதா நாளைக்கு லென்ஸ் போட முடியாதுங்கான்."

மேல்தோல்தான், ஆறிவிடும் என்றார் டாக்டர். விரல்களுக்கு ஒன்றும் இல்லை. ஆண்டவர் காத்தார்.

ஆட்டோவில் நான் நடுவில் உட்கார்ந்து வந்தேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் மதினி. அவள் என் கையை விடவே இல்லை. இவளைப் பற்றி ஜூனில் எழுதியதை எல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10

கண் பால் மாதிரி இருக்கிறது. கோயிலில் இரண்டு ஆராதனைக்கும் வாசித்தேன். நஸ்ரினுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். "டப்பாவைப் புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் மாத்திருங்கக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 13

அவருக்குக் கட்டு சின்னதாகிவிட்டது, விரல்கள் வெளியே. மதினி கடைக்குப் போயிருந்தாள். அவர் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஒரு விஷயம் சொன்னார். அவர் கை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆசீர்வாதம் சார் இன்று என்னைப் பார்க்கப் பேக்கரிக்கு வந்தார். நாகர்கோவில் காதுகேளாதோர் பள்ளியில் டிராயிங் வாத்தியார். மனைவி இறந்து ஆறு வருடம். அவருக்கு நம் கைப்பேச்சு நன்றாக வரும். ஒரு வருடமாக அக்காவைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எப்சிக்கு, அதாவது உனக்கு, கண் தெளியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஜூனில் சரி என்றாள். ஜூலையில் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. தெருமுனைப் பரீட்சை, மாம்பழப் பட்டு, கொல்லையில் பேசிய போன். நான் அவர் பக்கத்தில் கல்லிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மதினி வந்ததும் பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மதினி, ஆசீர்வாதம் சாருக்கு ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

அவள் தம்பியை முறைத்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? நான் போயிட்டா அவன் பேசுதத உனக்கு யாரு சொல்லுவா? நீ அடுப்படில நிப்ப. அவன் கேட்டுல நின்னு கையை ஆட்டிக்கிட்டே கெடப்பான். அவனை அப்படி நிக்க வச்சிட்டு நான் மாலை போட்டுக்கிடவா?"

"இப்பத் தெரியுதுல்லா மதினி."

"திரும்பச் சிவந்துட்டுன்னா?"

"சிவந்தா லென்ஸைக் கழட்டி வச்சிட்டு அவரு பக்கத்துல போயி நின்னு பாப்பேன். ரெண்டு வருஷம் அப்படித்தான இருந்தோம்? நல்லாத்தான இருந்தோம்?"

அவள் வெண்டைக்காயை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நான் குழாயை அடைத்தேன்.

"போன் போடுங்க மதினி."

"வேற இடம் பாத்துக்கிடுங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். இனிமே எடுப்பாரா?"

"எடுக்காதவரா பேக்கரி வரைக்கும் வந்து விசாரிச்சிட்டுப் போறாரு?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், வார்த்தை வராமல் நின்றது. நான் சத்தமில்லாமல் வெளியே வந்து அவருக்குக் கையால் சொன்னேன்: எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 28

இன்று தங்கபுஷ்பம் மதினிக்குக் கல்யாணம்.

மாம்பழப் பட்டில் அவள் நடந்து வந்ததை கோயிலின் இந்தக் கோடியில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தே பார்த்தேன். ஜரிகைப் பூ ஒவ்வொன்றும் தெரிந்தது. தம்பிதான் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். வெந்த கையில் தழும்பு ரோஸ் நிறத்தில் இருக்கிறது. ஆசீர்வாதம் சார் ஒல்லியான மனிதர், சட்டைக் காலர் பெரிதாக இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

ஐயர் கேட்டார்: "இந்தப் பெண்ணைக் கல்யாணத்தில் கொடுப்பவர் யார்?"

இதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அவர் ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டது அவருக்கு எப்படித் தெரியும்? மதினி பழக்கத்தில் கையால் சொல்லப் போனாள் போல, தோள் அசைந்தது. இரண்டு கையிலும் பூச்செண்டு.

நான் எழுந்து நின்றேன். கையை உயர்த்தினேன். அவர் பார்த்தார். ஐயர் கேட்டதைச் சபைக்கு நடுவே கையால் அவரிடம் கேட்டேன். அவர் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிப் பேசினார். ஒவ்வொரு விரலும் தெரிந்தது. நான் சத்தமாகச் சொன்னேன்:

"நான் கொடுக்கிறேன். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்த என் அக்காவை, சந்தோஷமாகக் கொடுக்கிறேன்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஐயர் புத்தகத்தைப் புரட்டினார். அதற்குள் அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். இந்தத் தடவை என்னிடம் இல்லை. அக்காவின் பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு நேராகக் கையைச் சின்னதாக வைத்துக்கொண்டு சொன்னார்.

பயப்படாமல் போ. எப்சி பார்த்துக்கொள்வாள்.

ஐயர் என்னைப் பார்த்தார், இன்னும் ஏதாவது உண்டா என்பது போல. "அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லி உட்கார்ந்து, பாட்டை வாசிக்க ஆரம்பித்தேன்.